உலக இலக்குகளை வகுப்பது யாருடைய விழுமியங்கள்?

வறுமை ஒழிப்பு முதல் பருவநிலை மாற்றம் வரை, 2030ஆம் ஆண்டுக்குள் எட்டப்பட வேண்டியவை என ஐ.நா. மன்றத்தின் 193 உறுப்பு நாடுகளும் 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளின் காலக்கெடு நெருங்கி வருகிறது. அந்தக் காலக்கெடுவுக்குப் பின்னர் உலகம் எந்தத் திசையில் செல்வது என்பதை 2027 செப்டம்பரில் கூட வேண்டிய உயர்மட்டக் கூட்டத்தில் ஆராய்வதென 2024இல் உடன்பாடு காணப்பட்டது.

இந்த விவாதம் பெரும்பாலும் நிதியைப் பற்றியதாகவும் புள்ளிவிபரங்களைப் பற்றியதாகவுமே வெளியுலகுக்குத் தென்படும். ஆனால் எதை இலக்காக அறிவிப்பது, எதை அளப்பது, எதைப் பற்றிப் பேசாமல் விடுவது என்ற முடிவுகளுக்குப் பின்னால் விழுமியங்களின் மோதல் ஒன்று இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் ஐ.நா. இரண்டு முறை உலக இலக்குகளை வகுத்திருக்கிறது. இரண்டு முறையும் அந்த மோதல் தீர்க்கப்படவில்லை. அது இடம் மாற்றி வைக்கப்பட்டது.

எண்களின் பண்பாடு

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய 189 நாடுகள் புத்தாயிரமாண்டுப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. சுதந்திரம், சமத்துவம், தோழமை, சகிப்புத்தன்மை, இயற்கைக்கு மதிப்பளித்தல், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளல் ஆகிய ஆறும் புதிய நூற்றாண்டின் அடிப்படை விழுமியங்கள் என்று அந்தப் பிரகடனம் அறிவித்தது. சமாதானம், ஆயுதக் களைவு, மனித உரிமைகள், ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் அதில் இடமிருந்தது.

ஓராண்டு கழித்து, 2001 செப்டம்பரில், அப்போதைய ஐ.நா. தலைமைச் செயலர் கோஃபி அன்னான் வெளியிட்ட அறிக்கையின் பின்னிணைப்பில்தான் புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகள் என்ற பட்டியல் இடம்பெற்றது. எட்டு இலக்குகள், 18 துணை இலக்குகள், 48 அளவுகோல்கள். பிரகடனத்தில் இருந்த மனித உரிமைகளும் ஜனநாயகமும் ஆயுதக் களைவும் இந்தப் பட்டியலில் எண்களாக உருமாறவில்லை. வறுமை, கல்வி, குழந்தை இறப்பு, நோய்கள் போன்றவை எண்களாயின.

இந்தப் பட்டியலின் வேர் நியூயார்க்கில் இல்லை. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் உதவி வழங்கும் நாடுகளின் குழு, பாரிஸ் நகரில் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணம் ஒன்றில் இதன் பெரும்பகுதி ஏற்கனவே இருந்தது. அந்தக் குழுவில் அப்போது இடம்பெற்றிருந்த ஒரே ஆசிய நாடு ஜப்பான். உதவி பெறும் நாடு எதுவும் அதில் உறுப்பினராக இருக்கவில்லை.

அந்தப் பட்டியலை உலக அரங்குக்கு எடுத்துச் சென்றதில் நான்கு பெண் அமைச்சர்களுக்கு முக்கிய பங்குண்டு. பிரிட்டனின் கிளேர் ஷார்ட், நெதர்லாந்தின் எவெலின் ஹெர்ஃப்கென்ஸ், நார்வேயின் ஹில்டே ஜான்சன், ஜெர்மனியின் ஹைடமாரி விக்ஸோரெக் ட்சொய்ல் ஆகியோர் 1999இல் நார்வேயின் உட்ஸ்டைன் மடாலயத்தில் கூடி, தங்கள் நாடுகளின் உதவிக் கொள்கைகளை ஒருங்கிணைப்பதென முடிவு செய்தனர். வெளிநாட்டு உதவிக்கு மக்களிடையே ஆதரவு குறைந்துவந்த காலம் அது. வரி செலுத்துவோருக்குக் காட்டுவதற்குத் தெளிவான, எண்ணக்கூடிய விளைவுகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

அரசு நிர்வாகத்தை விளைவுகளைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற சிந்தனை 1980களிலிருந்து பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளின் நிர்வாகத்தில் வேரூன்றியது. அமெரிக்கா 1993இல் இதற்கென்று சட்டமே இயற்றியது. ஐ.நா. பொதுச்சபையும் 2000 டிசம்பரில் தனது வரவு செலவுத் திட்டத்தை விளைவுகளின் அடிப்படையில் தயாரிக்க ஒப்புக்கொண்டது. காலக்கெடு, சதவீதம், அளவுகோல் என்பவை நடுநிலையான கருவிகளாகத் தோன்றினாலும், அவையும் ஒரு நிர்வாகப் பண்பாட்டின் பிள்ளைகளே என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். எண்ண முடிந்தவை அந்தப் பண்பாட்டில் முன்வரிசைக்கு வருகின்றன. எண்ண முடியாதவை உரைகளின் முகவுரையோடு நின்றுவிடுகின்றன.

சொல்லாமல் விடப்பட்டவை

சிறிய குழு ஒன்று அறைக்குள் அமர்ந்து பட்டியல் போடும்போது நேரக்கூடியதற்கு ஓர் உதாரணத்தை, அப்போது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் தலைவராக இருந்த மார்க் மாலக் பிரவுன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பட்டியல் அச்சுக்குப் போன நிலையில், நடைபாதையில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவரை எதிர்கொண்டபோதுதான், சுற்றுச்சூழலுக்கு ஓர் இலக்கு வைக்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்ததாக அவர் தெரிவித்தார். அவசர அவசரமாக அது சேர்க்கப்பட்டது. அதுவே ஏழாவது இலக்கு.

மறதியினால் விடுபட்டது சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் வேண்டுமென்றே விடப்பட்ட ஒன்றும் இருந்தது. அது இனப்பெருக்க ஆரோக்கியம். 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் இதற்கு உடன்பட்டிருந்தன. வத்திக்கானும், இஸ்லாமிய நாடுகள் மற்றும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் தமது ஆட்சேபங்களைப் பதிவு செய்திருந்தன. பாரிஸில் தயாரான 1996ஆம் ஆண்டுப் பட்டியலில் இனப்பெருக்க ஆரோக்கிய சேவை அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது. 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் அது இல்லை.

ஒருமித்த கருத்தைக் குலைத்துவிடக்கூடும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று இந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். வளர்முக நாடுகளின் குழுவான ஜி-77 இந்த விடயத்தில் பிளவுபட்டிருந்தது. 2001 ஜனவரியில் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ், கருக்கலைப்பு தொடர்பாகச் செயல்படும் வெளிநாட்டு அமைப்புகளுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு நிதியைத் தடுக்கும் கொள்கையை உடனடியாக மீண்டும் அமலுக்குக் கொண்டுவந்தார்.

ஆக, பிரசவத்தின்போது தாய்மார் இறப்பதை முக்கால் பங்கு குறைக்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. ஆனால் கருத்தரிப்பதா, எப்போது கருத்தரிப்பது என்பதைப் பெண்கள் தாமே முடிவு செய்வதற்கான சேவைகளைப் பற்றி அந்தப் பட்டியல் மௌனம் சாதித்தது. 2005ஆம் ஆண்டு நடந்த உலக உச்சிமாநாட்டில்தான் இந்த மௌனம் கலைந்தது. புதிய துணை இலக்கு நடைமுறைக்கு வரும்போது, நிர்ணயிக்கப்பட்ட 15 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி கடந்துவிட்டிருந்தது. 2015இல் கணக்குப் பார்த்தபோது பேறுகாலத் தாய்மார் இறப்பு விகிதம் 1990ஆம் ஆண்டு நிலையிலிருந்து சுமார் 45 சதவீதமே குறைந்திருந்தது. எட்டு இலக்குகளில் மிகவும் பின்தங்கியவற்றில் இதுவும் ஒன்று. இந்தப் பின்னடைவுக்குப் பட்டியலின் மௌனம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு நிதி கேட்பது கடினம் என்பதை அத்துறையில் பணியாற்றியவர்கள் அறிவார்கள்.

எட்டாவது இலக்கைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. முதல் ஏழு இலக்குகள் பெரும்பாலும் ஏழை நாடுகள் செய்ய வேண்டியவை. அவற்றில் பலவற்றுக்கு எண்ணும் ஆண்டும் உண்டு. உதவி, வர்த்தகம், கடன் நிவாரணம் என்று பணக்கார நாடுகள் செய்ய வேண்டியவற்றைக் கூறும் எட்டாவது இலக்குக்கு அத்தகைய காலக்கெடு விதிக்கப்படவில்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாக வழங்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970லேயே கூறியிருந்தும், அதற்கு 2015 என்ற கெடு வைக்கப்படவில்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளல் என்ற விழுமியம் பிரகடனத்தில் இடம்பெற்றது. அளவுகோல் ஒரு தரப்புக்கு மட்டுமே இறுக்கமாக வைக்கப்பட்டது.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

எதை அளப்பது என்பதைப் போலவே எப்படி அளப்பது என்பதும் விழுமியம் சார்ந்த கேள்விதான். வறுமையைப் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கை எடுத்துக்கொண்டால், 10 சதவீதம் ஏழைகள் உள்ள நாடு 5 சதவீதமாகக் குறைத்தால் வெற்றி. 60 சதவீதம் ஏழைகள் உள்ள நாடு 35 சதவீதமாகக் குறைத்தாலும் தோல்வி. பின்னது ஐந்து மடங்கு கூடுதலான முன்னேற்றம் என்றாலும் கணக்கு அப்படித்தான் சொல்லும். இலக்குகளின் வடிவமே ஆப்பிரிக்காவுக்குப் பாதகமாக அமைந்துவிட்டது என்று நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் ஈஸ்டர்லி 2009இல் வாதிட்டார். இவை உலகம் முழுமைக்குமான கூட்டு இலக்குகளே, ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே மதிப்பிடுவதற்கு உரியவை அல்ல என்று, அவற்றை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் வாண்டமூர்டெலும் பின்னர் பலமுறை எழுதினார்.

உலக அளவில் வறுமையைப் பாதியாக்கும் இலக்கு 2010லேயே எட்டப்பட்டது. இதில் பெரும்பங்கு சீனாவுடையது. அந்த நாடு தனது பொருளாதாரத்தை மாற்றத் தொடங்கியது இந்தப் பட்டியல் பிறப்பதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே என்பது குறிப்பிடத்தக்கது.

சராசரி என்ற அளவுகோல் மறைத்துவிடக்கூடியதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. இலவசக் கல்வி, இலவச மருத்துவம் ஆகியவற்றின் பயனாகப் புத்தாயிரமாண்டு இலக்குகள் வகுக்கப்பட்டபோதே இலங்கை, கல்வியிலும் தாய்சேய் நலத்திலும் தெற்காசியாவில் முன்னிலையில் இருந்தது. ஆனால் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் நிலை தேசிய சராசரிக்கு வெகு கீழே இருந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு யுத்தம் காரணமாக அங்கு நடத்தப்படவேயில்லை. 2006-07 ஆய்விலும் வட மாகாணம் விடுபட்டது. எண்ணப்படாத மக்கள் சராசரியில் சேரமாட்டார்கள். சராசரி நன்றாக இருந்தால் இலக்கு எட்டப்பட்டதாகக் கருதப்படும்.

பழைய விவாதம் ஒன்று

குறைவான, தெளிவான இலக்குகளா அல்லது விரிவான, நியாயம் கோரும் இலக்குகளா என்ற விவாதம் புதியதல்ல. 1978 செப்டம்பரில், அப்போதைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் 134 நாடுகள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் ஆரோக்கியம் என்ற இலக்கை அறிவித்தன. ஆரோக்கியம் என்பது மருந்தும் மருத்துவமனையும் மட்டுமல்ல, அது சமூக நீதியின் ஒரு பகுதி என்பது அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹாஃப்டன் மாலரின் நிலைப்பாடு.

ஓராண்டுக்குள்ளேயே இதற்கு மாற்றுக் குரல் எழுந்தது. எல்லாவற்றையும் செய்ய முயல்வதைவிட, குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கும் சில சேவைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் வாதிட்டனர். 1980களில் யூனிசெஃப் அமைப்பு இந்த வழியில் சென்றது. குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணித்தல், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கும் அதன் முழக்கமாயின. அதனால் ஏராளமான குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. அதேவேளை, கிராமத்துச் சுகாதார நிலையத்தை வலுப்படுத்துவது என்ற அல்மா-அட்டாவின் கனவு பல நாடுகளில் பின்தள்ளப்பட்டது. 2000ஆம் ஆண்டின் எட்டு இலக்குகளும் இந்த இரண்டாவது மரபின் வாரிசுகளே.

முப்பது இருக்கைகள், எழுபது நாடுகள்

2015க்குப் பிந்தைய இலக்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, பழைய முறை மீண்டும் வேண்டாம் என்பதில் வளர்முக நாடுகள் உறுதியாக இருந்தன. எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் இலக்குகள் வேண்டும் என்ற யோசனையைக் கொலம்பியாவும் குவாத்தமாலாவும் முன்வைத்தன. 2012 ஜூனில் ரியோ டி ஜெனிரோ மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

இலக்குகளை வகுக்கும் பணி, கென்யாவின் மச்சாரியா கமாவ், ஹங்கேரியின் சாபா கொரோஷி ஆகிய இரு தூதர்களின் தலைமையிலான திறந்த பணிக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பது இருக்கைகளை எழுபது நாடுகள் பகிர்ந்துகொண்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் ஒரே இருக்கையில் அமர வேண்டியிருந்தது. ஒரு குழுவின் பிரதிநிதி எழுதிவந்த அறிக்கையை வாசித்துவிட்டு அமரும் வழக்கம் இதனால் ஓரளவு தளர்ந்தது. முதல் எட்டு அமர்வுகள் பேரத்துக்கு அல்லாமல் கற்றுக்கொள்வதற்கே ஒதுக்கப்பட்டன. 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை 13 அமர்வுகள் நடந்தன.

இதன் விளைவு 17 இலக்குகள், 169 துணை இலக்குகள். தமிழ்நாட்டில் இவை நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்றும், இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் என்றும் அழைக்கப்படுகின்றன. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் இணைத்தலைவராக இருந்த உயர்மட்டக் குழு 12 இலக்குகளையே பரிந்துரைத்திருந்தது. 17 என்பது மிக அதிகம், மக்கள் நினைவில் நிற்காது என்ற முறைப்பாடு பிரிட்டன் போன்ற நாடுகளிடமிருந்து எழுந்தது. பட்டியலைச் சுருக்கினால் யாருடைய இலக்கு வெட்டப்படும் என்று வளர்முக நாடுகள் பதில் கேள்வி எழுப்பின. சுருக்கமே தெளிவு என்று ஒரு தரப்பும், அனைவரும் இடம்பெறுவதே நியாயம் என்று மறுதரப்பும் கருதின.

விரிவான பட்டியலால் பலன் இல்லாமல் இல்லை. புலம்பெயர்ந்தோரைப் பற்றி முந்தைய பட்டியல் எதுவும் கூறவில்லை. புதிய பட்டியலோ, வெளிநாடுகளில் உழைப்போர் சொந்த ஊருக்கு அனுப்பும் பணத்துக்கான கட்டணம் 2030க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே வர வேண்டும் என்கிறது. உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கும் மேலேயே இருக்கிறது. எனினும் இதை ஓர் உலகப் பிரச்சினையாக ஏற்கச் செய்ததே பணம் அனுப்புவோரின் நாடுகள் அந்த அறையில் இருந்ததால்தான் என்று கருத இடமுண்டு.

சொற்களுக்குள் ஒளிந்த முரண்பாடு

ஆனால் அனைவரும் அறைக்குள் வந்தபோது முரண்பாடுகளும் கூடவே வந்தன. வாக்கெடுப்பு இன்றி ஒருமித்த கருத்துடன் முடிவெடுப்பதே இத்தகைய குழுக்களின் மரபு. ஒருமித்த கருத்து எட்ட முடியாத இடங்களில் சொற்கள் உதவிக்கு அழைக்கப்பட்டன.

இனப்பெருக்க உரிமைகள் இம்முறை பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் கெய்ரோ மற்றும் பெய்ஜிங் மாநாடுகளின் முடிவுகளில் உடன்பாடு காணப்பட்டபடி என்ற நிபந்தனையுடன், அதாவது 1990களில் எட்டிய எல்லையைத் தாண்டாமல், அவை எழுதப்பட்டன. பெண்களுக்கு நிலத்தின்மீதும் சொத்தின்மீதும் சம உரிமை வழங்குவதற்கான சீர்திருத்தங்கள் தேசிய சட்டங்களுக்கு இணங்க என்ற சொற்றொடருடன் இடம்பெற்றன. எந்தச் சட்டங்களை மாற்ற வேண்டியுள்ளதோ அந்தச் சட்டங்களுக்கே இணங்க மாற்றுவது என்பதில் உள்ள முரண்பாட்டைப் பெண்ணுரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின.

பாகுபாடு தொடர்பான பத்தாவது இலக்கில் வயது, பாலினம், மாற்றுத்திறன், இனம், மதம், பொருளாதார நிலை போன்றவை பெயர் குறிப்பிடப்பட்டுள்ளன. சாதி என்ற சொல் அதில் இல்லை. பாலியல் நாட்டமும் இல்லை. சாதியை இனவெறியுடன் சேர்க்கக் கூடாது என்று 2001இல் டர்பன் மாநாட்டில் இந்தியா வலுவாக எதிர்த்தது நினைவுகூரத்தக்கது. மறுபுறம், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இலேயே, வம்சாவளி என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என விளக்கமளித்தது. 2015ஆம் ஆண்டு ஆவணத்தின் முற்பகுதியில் பிறப்பு என்ற சொல் இருக்கிறது. சாதியை அதனுள் வாசிக்க விரும்புவோர் வாசிக்கலாம், விரும்பாதோர் விட்டுவிடலாம். யாரையும் பின்னே விட்டுவிடக் கூடாது என்பதைத் தலையாய முழக்கமாகக் கொண்ட ஆவணம், பின்னே விடப்பட்டவர்களில் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கியிருக்கிறது.

அதே பத்தாவது இலக்கு ஏற்றத்தாழ்வைக் குறைப்பது பற்றியது. ஆனால் அடித்தட்டில் உள்ள 40 சதவீதம் பேரின் வருமானம் தேசிய சராசரியைவிட வேகமாக உயர வேண்டும் என்று கூறும் அதன் முதல் துணை இலக்கு, உச்சியில் உள்ளவர்களின் செல்வத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

இயற்கை என்பது மனிதனுக்கான வளமா அல்லது மனிதன் பிறந்த தாயா என்ற விவாதமும் நடந்தது. பொலிவியாவின் முயற்சியால் 2009இல் ஐ.நா. ஏப்ரல் 22ஆம் தேதியை உலகத் தாய்ப் பூமி தினமாக அறிவித்திருந்தது. 2015 ஆவணமோ, தாய்ப் பூமி என்பது பல நாடுகளில் வழங்கும் ஒரு சொல்வழக்கு என்று பதிவு செய்து அமைந்தது. பூட்டானின் கதையும் இதையொத்தது. மகிழ்ச்சியை வளர்ச்சியின் அளவாகக் கொள்ள வேண்டும் என்ற அந்நாட்டின் கருத்தை 2011இல் பொதுச்சபை தீர்மானமாக ஏற்றது. ஆனால் இலக்குகளின் கடைசித் துணை இலக்கில், மொத்த உள்நாட்டு உற்பத்திக்குத் துணையாகப் பிற அளவுகோல்களையும் உருவாக்க வேண்டும் என்ற வரி மட்டுமே எஞ்சியது.

பண்பாடு என்பது தேசமா?

இவற்றையெல்லாம் மேற்கத்திய விழுமியங்களுக்கும் கிழக்கத்திய விழுமியங்களுக்கும் இடையிலான மோதலாகச் சித்தரிப்பது எளிது. நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளை வைத்து, அதிகார இடைவெளி, தனிமனித நோக்கு, நிச்சயமின்மையைத் தவிர்த்தல் போன்ற அளவுகளால் தேசங்களை வகைப்படுத்தினார். 1980இல் வெளியான அவரது நூல் மேலாண்மைக் கல்வியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தின் பண்பாட்டைத் தீர்மானிக்க முடியாது என்ற கடும் விமர்சனமும் தொடர்ந்து எழுந்துள்ளது.

ஐ.நா. இலக்குகளின் வரலாறு அந்த விமர்சனத்துக்கே வலுச்சேர்க்கிறது. சமாதானத்தையும் நல்லாட்சியையும் பற்றிய பதினாறாவது இலக்கை ரஷ்யா, பிரேசில் உள்ளிட்ட பல நாடுகள் ஐயத்துடன் பார்த்தன. உள்விவகாரங்களில் தலையிடவும் உதவிக்கு நிபந்தனை விதிக்கவும் அது பயன்படலாம் என்பது அவற்றின் அச்சம். ஆனால் அந்த இலக்குக்காக வாதாடியவை மேற்கத்திய நாடுகள் மட்டுமல்ல. மோதல்களிலிருந்து மீண்டுவந்த கிழக்குத் திமோர் போன்ற நாடுகளும் முன்னணியில் நின்றன. 2014 ஜனவரியில் உருவான ஆப்பிரிக்க நாடுகளின் பொது நிலைப்பாட்டிலும் அமைதியும் பாதுகாப்பும் ஒரு தூணாக இருந்தது. இனப்பெருக்க உரிமை விடயத்திலோ, வத்திக்கானும் சில இஸ்லாமிய நாடுகளும் ஓரணியில் நின்றன. வாஷிங்டன் ஆட்சிக்கு ஆட்சி அணி மாறியது.

விழுமியங்கள் தேச எல்லைகளுக்குள் அடங்குவதில்லை என்பதையே இவை காட்டுகின்றன. ஒரே நாட்டின் நிதி அமைச்சும் மகளிர் அமைச்சும் வெவ்வேறு உலகங்களில் வாழக்கூடும். ஒரு நாட்டின் தூதர் அரங்கில் பேசுவது பண்பாட்டின் குரலா, ஆளும் தரப்பின் வசதியா என்று கேட்க வேண்டிய தருணங்களும் உண்டு. எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற வாதம் பெரும்பாலும், அந்தப் பண்பாட்டினால் பாதிக்கப்படுவோர் இல்லாத அறையில்தான் முன்வைக்கப்படுகிறது.

2027ஐ நோக்கி

ஐ.நா.வின் 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மதிப்பிடத் தேவையான தரவுகள் உள்ள துணை இலக்குகளில் 35 சதவீதமே சரியான பாதையிலோ மிதமான முன்னேற்றத்திலோ இருக்கின்றன. 18 சதவீதம் 2015ஆம் ஆண்டு நிலையைவிடப் பின்னோக்கிச் சென்றுள்ளன. கோவிட் பெருந்தொற்று, போர்கள், கடன் சுமை ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அதைவிடவும் ஆழமான மாற்றம் வேறொன்று. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய அர்ஜென்டினா அதிபர் ஹவியர் மிலே, 2030 திட்டத்தை சோஷலிசத் தன்மை கொண்டதென்று சாடினார். 2025 மார்ச் 4ஆம் தேதி, சமாதான சகவாழ்வுக்கான சர்வதேச தினம் ஒன்றை அறிவிக்கும் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பின்போது, 2030 திட்டத்தையும் அதன் இலக்குகளையும் நிராகரிப்பதாக அமெரிக்கா வெளிப்படையாகவே அறிவித்தது. அத்தீர்மானம் 162 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியது. அமெரிக்கா, இஸ்ரேல், அர்ஜென்டினா ஆகிய மூன்றும் எதிர்த்து வாக்களித்தன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட் தனது பணிகளை நிறுத்தியது. ஒருமித்த கருத்து என்ற மரபே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

இந்தச் சூழலில் அடுத்த பட்டியலை வகுக்கப்போவோர் முன் இரண்டு பாதைகள் இருப்பதாகக் கூறப்படுகிறது. ஒன்று, 2001ஐப் போல, சர்ச்சைக்குரியவற்றை ஒதுக்கிவிட்டு, எண்ணக்கூடிய சிலவற்றுடன் நிறுத்திக்கொள்வது. நிதி சுருங்கிவரும் காலத்தில் இது பலரைக் கவரக்கூடும். மற்றொன்று, 2015ஐப் போல, அனைத்தையும் சேர்த்துக்கொண்டு, முரண்பாடுகளைச் சொற்களால் மூடுவது. முதல் பாதையில் சிலர் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். இரண்டாவது பாதையில் அவர்கள் பட்டியலுக்குள் இருந்தாலும், தங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது என்று சில அவதானிகள் கருதுகின்றனர். உடன்பாடு உள்ள இடத்தில் எண்ணும் காலக்கெடுவும் வைத்து, அவற்றைப் பணக்கார நாடுகளுக்கும் ஒரே இறுக்கத்துடன் விதிப்பது. உடன்பாடு இல்லாத இடத்தில் அந்த முரண்பாட்டை மறைக்காமல், எந்த அரசு எதை ஏற்கவில்லை என்பதைப் பகிரங்கமாகப் பதிவு செய்வது. தேசிய சராசரிகளுக்குப் பதிலாக, மிகவும் பின்தங்கிய பிரிவினரின் நிலையையே வெற்றியின் அளவாகக் கொள்வது. இவ்வாறு செய்தால் அழகான ஒற்றுமை கிடைக்காது. ஆனால் ஒரு பெண்ணோ ஒரு தோட்டத் தொழிலாளியோ தமது அரசிடம் கேள்வி கேட்கும்போது, கையில் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று இருக்கும்.

அரசுகள் தாமாக முன்வந்து தமது ஆட்சேபங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பதற்கு வரலாற்றில் அதிக ஆதாரம் இல்லை. 2005இல் இனப்பெருக்க ஆரோக்கியம் மீண்டும் பட்டியலுக்குள் வந்தது மகளிர் அமைப்புகளும் மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் குரல் கொடுத்ததால்தான். அடுத்த இலக்குகள் எழுதப்படும்போது அறைக்குள் இருப்பவர்கள் யார் என்பதைப் போலவே, அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டுபவர்கள் யார் என்பதும் முக்கியமாக இருக்கும்.